மாப்பிள்ளைக் குதிரைக்கு இன்சூரன்ஸ்

டமார்.

தகரத்தின் மேல் பாறை விழுந்தது போல் ஒரு சத்தம். தெருநாய்கள் குரைத்தன. கிரைண்டரை நிறுத்திவிட்டு, மாவுக் கையோடு இலக்கியா வாசலுக்கு ஓடிவந்தாள். வீட்டுக்கு முன்னால் டாட்டா ஏஸ் வண்டி நின்றிருந்தது. அதன் பின்கதவு வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. முன்சீட்டிலிருந்து வாயெல்லாம் பல்லாக இறங்கினான் அவள் கணவன் இளவரசன்.

காலையில் இதே வண்டியில்தான் அவன் அவளுடைய செவலைப் பசுவை ஏற்றிக்கொண்டு போனான். கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தான். செவலை வண்டியை உதைக்கிற பசு இல்லையே என்று அவள் யோசிப்பதற்குள் மறுபடியும் ஒரு டமார். கதவின் தாழ் தெறித்தது. உள்ளேயிருந்து நீளமான முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய முகம். மழையில் நனைந்த சிமென்ட் மூட்டையின் நிறத்தில் இருந்தது.

"இன்னாங்க இது?"

"குதிரை."

"அது தெரியுது. என் செவலை எங்க?"

இளவரசன் குதிரையை இறக்கி வேப்பமரத்தில் கட்டினான். அதற்குள் தியாகதுருகம் போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் பஸ்ஸை மறந்துவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களைப் பார்த்துத்தான் அவன் கதையைச் சொன்னான். இலக்கியாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

கல்வராயன் மலையில் கரியன் என்று ஒரு விவசாயி. சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். அவர் ஊருக்கு ரோடு கிடையாது. கச்சிராயபாளையம் சந்தைக்கு மூட்டைகளைக் கொண்டுவரவும் கொண்டுபோகவும் இந்தக் குதிரைதான். இப்போது ரோடு போட ஆரம்பித்து, ஜீப் போகிற அளவுக்கு வழி வந்துவிட்டது. இனிக் குதிரை எதற்கு, ஒரு கறவை மாடு இருந்தால் வீட்டுக்குப் பாலாவது கிடைக்கும் என்று டீக்கடையில் புலம்பியிருக்கிறார். அந்த டீக்கடையில் இளவரசன் உட்கார்ந்திருந்தான். மாடு வெளியே வண்டியில் நின்றிருந்தது. அப்புறம் என்ன, மாற்றிக்கொண்டார்கள்.

"எவ்ளோ அறிவு தெரியுமா இதுக்கு?" என்றான் கூட்டத்தைப் பார்த்து. "சந்தையில மூட்டைய ஏத்தி வுட்டா போதும். கரியன் பாட்டுக்கு டீக்கடையில பேசிக்கினு இருப்பாரு. இது தனியாவே மலையேறி வூட்டுக்குப் போய் நிக்கும்."

கூட்டம் குதிரையை மரியாதையோடு பார்த்தது. குதிரை இலக்கியாவின் முருங்கைக் கன்றைத் தின்றுகொண்டிருந்தது.

இளவரசனின் திட்டம் பெரியது. இப்போதெல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டும் என்று பெண் வீட்டாரே கேட்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் குதிரை கிடையாது, சேலத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது. சின்னசேலத்திலிருந்து திருக்கோவிலூர் வரை இனி எந்த மாப்பிள்ளையும் இந்தக் குதிரையில்தான் ஊர்வலம் போவான். 'புயல் மேரேஜ் குதிரை' என்று பெயர்கூட வைத்துவிட்டான். இதற்கு முன் காடை வளர்த்தான், பூனைக்குத்தான் லாபம். அப்புறம் பந்தலுக்கு சீரியல் விளக்கு வாடகைக்கு விட்டான். முதல் திருவிழாவிலேயே ஊர் முழுக்க இருட்டானது. ஆனால் அப்போதெல்லாம் அவன் இலக்கியாவின் பொருள் எதையும் தொட்டதில்லை. செவலை அவள் தாய் வீட்டுச் சீராக வந்த கிடாரியின் கன்று. பிறந்த அன்று ஈரம் துடைத்ததே அவள்தான்.

இலக்கியா கத்தவில்லை. அழவில்லை. உள்ளே போய் கிரைண்டரைப் போட்டாள். இளவரசனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போது ஒரே வார்த்தைதான் சொன்னாள். "செவலை இந்த வூட்டுக்குத் திரும்பி வரணும்."

கொடுத்த மாட்டைத் திருப்பிக் கேட்பது ஆண்பிள்ளைக்கு அழகா என்று அவன் ஆரம்பித்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் காலையில் மலையிலிருந்து போன் வந்தது. கரியனின் மனைவி ராணியம்மாள். செவலை பாலைச் சுரக்க மாட்டேன் என்கிறதாம். பாத்திரத்தை இரண்டு முறை உதைத்துத் தள்ளிவிட்டதாம். இலக்கியா பொறுமையாக வழி சொன்னாள். இடது பக்கம் உட்கார வேண்டும், உட்காரும் முன் கழுத்தடியில் சொறிந்துவிட வேண்டும், கையில் தவிடு இருப்பது அதன் கண்ணில் பட வேண்டும். சொல்லி முடித்ததும் ராணியம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். குதிரை சாப்பிடுகிறதா?

அது முருங்கையைத் தவிர எதையும் சாப்பிடவில்லை. வெறும் வைக்கோலைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கொள்ளை ஊறவைத்து வெல்லத்துண்டு ஒன்றைப் போட்டுக் கொடு என்றாள் ராணியம்மாள். குட்டியிலிருந்து அவள் வளர்த்ததாம். புயல் கியல் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது, அதன் பெயர் வெள்ளச்சி. சந்தைக்குப் போன ஆள் குதிரைக்குப் பதிலாகப் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது, அவளும் கத்தவில்லையாம்.

அதன் பிறகு தினமும் போன். மதியச் சாப்பாட்டுக்கு மேல் ஆரம்பித்தால் சார்ஜ் தீரும்வரை பேசினார்கள். ஒருநாள் ராணியம்மாள் போனைச் செவலையின் காதில் வைக்க, இங்கிருந்து இலக்கியா 'ம்பா' என்று குரல் கொடுத்ததை இளவரசனே கேட்டான். மனைவி கொள்ளு ஊறவைப்பதையும், குதிரையின் முதுகைத் தேய்த்துவிடுவதையும் பார்த்து அவன் மனம் குளிர்ந்தது. சமாதானமாகிவிட்டாள், தொழிலில் அவளுக்கும் ஆர்வம் வந்துவிட்டது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இந்த நேரத்தில்தான் ஜெயப்பிரகாஷ் பைக்கில் வந்து இறங்கினான். கள்ளக்குறிச்சிக்காரன். இளவரசனோடு பாலிடெக்னிக்கில் படித்த பையனின் தம்பி. இன்சூரன்ஸ் ஏஜென்ட். யார் வீட்டில் புதிதாக எது வந்தாலும், அதன் வாசனை போவதற்குள் வந்துவிடுவான். டிராக்டர் வாங்கினால் வருவான், குழந்தை பிறந்தால் வருவான்.

"அண்ணே, குதிரைய வாங்கிட்டு இன்சூரன்ஸ் போடாம இருக்கறது, தலைக்கு எண்ணெய் வச்சுட்டு சீவாம இருக்கற மாதிரி" என்று தொடங்கினான்.

குதிரை செத்தால் பணம், நோயில் விழுந்து தொழிலுக்கு ஆகாமல் போனால் பணம் என்று அடுக்கினான். மாட்டு டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், காதில் மஞ்சள் வில்லை ஒன்றை மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மஞ்சள் வில்லை என்றதும் இளவரசன் எழுந்துவிட்டான். பட்டுத்துணியும் ஜிகினாவும் போட்டு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற குதிரைக்கு, ஆட்டுக்குப் போடுவது போல் காதில் வில்லையா? அதற்கு இன்சூரன்சே வேண்டாம். புயலுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

டீ கொண்டுவந்த இலக்கியா அங்கேயே நின்றாள். செத்தால் பணம் வரும், சரி. தொலைந்து போனால் வருமா என்று கேட்டாள்.

"திருடு போச்சா, தானா போச்சான்னு பாப்பாங்க அண்ணி. தானா போனா ஒண்ணும் வராது." ஜெயப்பிரகாஷ் சிரித்தான். "குதிரை இன்னா, பஸ் ஏறியா போவப்போவுது?"

"சரி. மேல ஏறுறவன் வுழுந்து இடுப்பு ஒடிஞ்சா?"

ஜெயப்பிரகாஷ் டீயை ஊதினான். அதற்கு ஒரு தனி பாலிசி உண்டு. குதிரையால் அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு விழுப்புரத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து பார்க்க வேண்டும், ஆயிரம் கேள்வி கேட்பார்கள், அலைச்சல் ஜாஸ்தி. மெனக்கெட்டு யாரும் எடுப்பதில்லை என்றான். அவனுக்குக் கிடைப்பதும் அதில் கம்மி என்பதை மட்டும் சொல்லவில்லை.

இலக்கியா தட்டை ஜன்னலோரம் வைத்தாள்.

"குதிரை செத்தா நமக்கு ஒரு குதிரைதாங்க நஷ்டம். எவன் வூட்டு மாப்பிள்ளையாவது கீழ வுழுந்தா, கரும்பு போட்டுக்கினு இருக்கற நிலமும் சேந்து போவும். வில்லை மாட்டுற இன்சூரன்சு இல்லாட்டியும் பரவால்ல. ஏறுறவனுக்கு ஆவுற இன்சூரன்சு இல்லாம இது ஒரு கல்யாணத்துக்கும் போவக்கூடாது."

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இளவரசனுக்கு எந்த இன்சூரன்சும் வேண்டாம். ஜெயப்பிரகாஷுக்கு வில்லை மாட்டுகிற இன்சூரன்ஸ் மட்டும் போதும். இவள் கேட்டதை விற்க அவனுக்கு மனமில்லை, வாங்க இவனுக்கு மனமில்லை. அந்த ஒரு விஷயத்தில் இருவரும் கட்சி சேர்ந்துகொண்டார்கள். வேப்பமரத்தடியில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த குதிரையைக் காட்டினான் ஜெயப்பிரகாஷ். இதன் மேலிருந்து விழ வேண்டுமென்றால் பயிற்சி எடுக்க வேண்டும் அண்ணி என்றான். பிறகு, பேச்சு வேகத்தில், இன்னொன்றும் சொன்னான்.

"எனக்கு இந்த மாசக் கடைசியில கல்யாணம். குதிரைக்குத்தான் அலைஞ்சுக்கினு இருக்கேன். மொத சவாரி நானே ஏறுறேன். நல்லபடியா எறங்குனேன்னா, நீங்க சொல்ற அந்த பாலிசி தேவையில்லன்னு ஒத்துக்கணும்."

"ஒத்துக்கறேன்" என்றாள் இலக்கியா உடனே. "குதிரையும் இங்கயே இருக்கட்டும். நான் வாய் தொறக்கமாட்டேன். ஆனா ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா, குதிரை மலைக்குப் போவணும், செவலை வூட்டுக்கு வரணும். சம்மதமா?"

இளவரசன் அவள் உள்ளங்கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தான். ஜெயப்பிரகாஷ் சாட்சி.

"கல்யாணம் எங்க?" என்று சும்மா கேட்பது போல் கேட்டாள்.

"கச்சிராயபாளையம் அண்ணி. பொண்ணு வூடு அங்கதான்."

"அப்டியா" என்றாள் இலக்கியா. அவன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

அன்றிலிருந்து புயலுக்குப் பயிற்சி நடந்தது. பின்பக்கத்து வயலில் ஸ்பீக்கரை வைத்து குத்துப்பாட்டு போட்டான் இளவரசன். குதிரை கொள்ளு தின்றது. காலடியில் சரவெடி கொளுத்தினான். பக்கத்து வயல் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. குதிரை கொள்ளு தின்றது. உரச்சாக்கைப் படபடவென்று முகத்துக்கு நேராக உதறினான். அது ஒருமுறை தும்மியதோடு சரி. இவ்வளவு அமைதியான மிருகத்துக்கா இன்சூரன்ஸ் என்று அவன் இலக்கியாவைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்போது அவள் போனில் ராணியம்மாளோடு பேசிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். கச்சிராயபாளையத்தில் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை அழைப்பு. புயலை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியதில் ஓரளவு வெள்ளையாகியிருந்தது. நெற்றியில் குஞ்சம், முதுகில் சிவப்பு வெல்வெட், காலில் சலங்கை. ஜெயப்பிரகாஷ் ஷெர்வானியும் முத்து தொங்கும் தலைப்பாகையும் போட்டிருந்தான். ஸ்டூல் போட்டு ஏறினான். மேலே போனதும் பூமி நினைத்ததைவிடத் தூரமாகத் தெரிந்தது போலிருக்கிறது. குனிந்து, வுழமாட்டேனே அண்ணே என்று மெதுவாகக் கேட்டான்.

இளவரசன் ஒரு புதுத் துண்டை எடுத்து அவன் இடுப்பைச் சுற்றிச் சேணத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். முடிச்சை முதுகுப்பக்கம், அவன் கைக்கு எட்டாத இடத்தில் போட்டான்.

"இன்சூரன்ஸ் இல்லாட்டி இன்னா, சீட் பெல்ட் இருக்குல்ல" என்றான்.

பேண்ட் செட் முழங்கியது. டிரோன் கேமரா தலைக்கு மேல் ரீங்கரித்தது. இளவரசன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இலக்கியாவும் வந்திருந்தாள். தான் கொள்ளுப் பையோடு கூட வந்தால் குதிரைக்குத் தைரியமாக இருக்கும் என்று அவளே கேட்டு வந்திருந்தாள்.

சந்தைத் தெரு முக்கில் ஊர்வலம் ஆட்டத்துக்காக நின்றது. இலக்கியா கணவனின் தோளைத் தொட்டாள். முதல் சவாரி, பேஸ்புக்கில் போட ஒரு போட்டோ வேண்டாமா என்றாள். இளவரசனுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. கயிற்றை அவளிடம் கொடுத்துவிட்டு, போனை உயர்த்தியபடி பின்பக்கமாகவே நடந்து போனான். மாப்பிள்ளை முழுசாகத் தெரிய வேண்டும், குதிரையின் குஞ்சமும் தெரிய வேண்டும், பின்னால் சீரியல் விளக்கும் தெரிய வேண்டும். அந்த நேரம் பார்த்து யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். தெரு முழுக்கப் புகை.

புகை விலகியபோது அவன் போன் திரையில் இலக்கியா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

குதிரை ஓடவில்லை. மிரளவில்லை. சாவகாசமாக, சலங்கை குலுங்க, வழி தெரிந்த நடையில் போய்க்கொண்டிருந்தது. ஊர்வலம் கிளம்பிவிட்டது என்று நினைத்து பேண்ட் செட்டும் வாசித்துக்கொண்டே பின்னால் போனது. மண்டப வாசலில் பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். குதிரை அவர்களைத் தாண்டிப் போனது. தட்டு கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே ஓடியது. ஜெயப்பிரகாஷ் முதலில் எல்லோருக்கும் கையசைத்தான். மண்டபம் முதுகுப்பக்கம் போனதும் கையை இறக்கினான். அதற்கப்புறம் இரண்டு கையாலும் குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டான்.

டிரோன்காரன் மட்டும் பரவசத்தில் இருந்தான். "சூப்பர் அண்ணே, அப்டியே போய்க்கினே இருங்க" என்று கத்தினான்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் பைக்கை எடுத்தார்கள். குதிரை தார்ரோட்டை விட்டுக் கரும்புக்காட்டுக்குள் இறங்கியது. அங்கே வாய்க்காலுக்குக் குறுக்கே ஒற்றைக் கல் பாலம். குதிரை தண்ணீர்கூடத் தெளிக்காமல் கடந்தது. முதல் பைக் வாய்க்காலில் விழுந்தது. இரண்டாவது பைக் அதன் மேல் விழுந்தது. அதற்கு மேல் மலைப்பாதை. டிரோனுக்கு பேட்டரி போய்விட்டது.

மண்டபத்தில் வேறு கதை ஓடியது. மாப்பிள்ளைக்கு மலையில் ஒரு பெண் இருக்கிறாள், பட்டப்பகலில் எல்லோருக்கும் கையசைத்துவிட்டுப் போய்விட்டான் என்று சமையல்கட்டில் முடிவு செய்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா ராஜாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குதிரைக்காரனைத் தேடினார். மணப்பெண் தமிழ்ப்ரியாதான் நிதானமாக மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"குதிரை மேல."

"குதிரை எங்க இருக்கு?"

"தெரியல. மரமா இருக்குது."

அவள் சிரித்த சிரிப்பில்தான் ராஜாங்கம் கொஞ்சம் அடங்கினார்.

இளவரசனுக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. தன் வாயாலேயே தெருவுக்குச் சொன்ன கதைதானே. இந்தச் சந்தைத் தெருவில் எத்தனை வருஷமாக மூட்டை ஏற்றிக்கொண்டு போன குதிரை! ஒரு ஜீப்பைப் பிடித்தான். ராஜாங்கம் முன்னால் ஏறிக்கொண்டார். இலக்கியா பின்னால் ஏறினாள். கொள்ளுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். குதிரை வெடிச் சத்தத்தில் மிரண்டுவிட்டது, கயிறு கையை அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று வழியெல்லாம் ராஜாங்கத்திடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் அவள் கையைப் பார்த்தார். கையில் மருதாணி மட்டும் இருந்தது.

புது ரோட்டில் ஜல்லி குலுங்க ஜீப் மேலே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரியனின் வீட்டு முன்னால் ஒரு கட்டிலில் ஜெயப்பிரகாஷ் உட்கார்ந்திருந்தான். தலைப்பாகை பக்கத்தில் இருந்தது. கையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். குதிரை தன் பழைய கொட்டிலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவனை இறக்கியது ராணியம்மாள்தான். வழக்கமாக மூட்டையை அவிழ்ப்பது போல் துண்டின் முடிச்சை அவிழ்த்து, தோளில் சாய்த்து, கீழே வைத்தாள். ஏதாவது சிந்திச் சிதறியிருக்கிறதா என்று பார்ப்பது போல் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு சோறு போட்டாள். அன்றைக்கு அவள் நாலைந்து பேருக்குச் சேர்த்தே சமைத்திருந்தாள்.

கரியன்தான் குதிரையையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தையிலிருந்து எத்தனையோ வந்திருக்கிறது, மாப்பிள்ளை வந்தது இதுதான் முதல் தடவை.

இளவரசனைப் பார்த்ததும் ஜெயப்பிரகாஷ் எழப்போனான். இடுப்பு எழவிடவில்லை.

"அண்ணே, அண்ணி சொன்ன பாலிசிதாண்ணே பாலிசி" என்றான் வாயில் சோற்றோடு. "குதிரை வச்சிருக்கவன் வேற எது இல்லாட்டியும் அது ஒண்ண எடுத்துடணும். நானே விழுப்புரம் போய் அதிகாரிய கூட்டிக்கினு வரேன்." பிறகு, பழக்கதோஷம், ராணியம்மாள் பக்கம் திரும்பினான். இனிமேல் குதிரை உங்களுடையது என்றால் உங்களுக்குக்கூட ஒன்று போடலாம் அக்கா என்றான்.

ராணியம்மாள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "இது சந்தைக்குப் போவும், வூட்டுக்கு வரும். வேற எங்கியும் போவாது. உன்ன மாதிரி ஆளுங்க மேல ஏறாம இருந்தா போதும், சாமி" என்றாள்.

ராஜாங்கம் மாப்பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி ஜீப்பில் வைத்தார். காலையில் முகூர்த்தம். பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பதாகப் போன் வந்தது.

சத்தியம் சத்தியம்தான். சாட்சி சொல்ல வேண்டியவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் படுத்திருந்தான். மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. செவலையை ஏற்றிப்போக டாட்டா ஏஸுக்குப் போன் செய்தான் இளவரசன். வண்டி வருவதற்குள் பாலைக் கறந்துவிடலாம் என்று சொல்லி, இலக்கியா செம்பை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். செவலை அவளைப் பார்த்ததும் கத்திய கத்தலில் மலையே திரும்பிப் பார்த்திருக்கும். அதைக் காலையிலேயே குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி வைத்திருந்தாள் ராணியம்மாள்.

"இது இன்னாடி, மாட்டுப் பொங்கல் மாதிரி?" என்று கரியன் மனைவியைக் கேட்டார். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இரண்டு ஆண்களும் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். எல்லாம் அந்தச் சரவெடியால் வந்தது என்றான் இளவரசன். கரியன் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"வெடிக்கெல்லாம் இது அசையாது தம்பி. மூட்டைய ஏத்திட்டு நான் இடுப்புல தட்டுவேன். தட்டுனாதான் கிளம்பும். தட்டலன்னா பொழுதுக்கும் அங்கியே நிக்கும்."

இளவரசன் வயலில் கொளுத்திய சரவெடிகளை எல்லாம் நினைத்துப் பார்த்தான். அது கொள்ளு தின்றுகொண்டு நின்றதை நினைத்துப் பார்த்தான். மாப்பிள்ளையின் நண்பர்களில் எவனாவது தட்டியிருப்பானா என்று யோசித்தான். அவர்கள் எல்லோரும் முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிறகு, போன் திரையில் தனியாக நின்றுகொண்டிருந்த ஒரு பட்டுப்புடவை அவன் கண்ணுக்கு முன்னால் வந்தது.

மெதுவாகப் பின்பக்கம் நடந்தான். செவலையின் இடது பக்கத்தில், தலையை அதன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு இலக்கியா கறந்துகொண்டிருந்தாள். செம்பில் பால் சர் சர்ரென்று விழுந்தது.

"ஏ இலக்கியா. கயிறு உன் கையிலதான இருந்துச்சு?"

அவள் கறப்பதை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"நான் ஒரு தட்டுதாங்க தட்டுனேன், ரெண்டு தட்டுனா ஓடும்னு ராணியக்கா மொதல்லயே சொல்லிட்டாங்க."